முந்நூற்றுப் பதினோரு உருப்படி, கரண்டி ஒன்று குறைவு

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
14ஆம் தேதி, காலை.

கர்த்தருக்குள் பிரியமான ஏசுவடியான் மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன் ஞானசிகாமணியின் ஸ்தோத்திரம். இங்கே நானும் செல்லபாயும் தேவகிருபையால் சுகமாயிருக்கிறோம். அங்கே தங்களுடைய முழங்கால் வலி, வீட்டு அக்காவின் சர்க்கரை, கல்யாணப் பெண் ஆர்ஷாவின் உறக்கம் ஆகிய மூன்றும் இந்தக் கடிதம் கைக்கு வரும்போது சீராயிருக்க ஜெபிக்கிறோம். படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவேண்டும் என்று நான் மட்டும் தனியாக ஒரு ஜெபம் செய்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் 'வார்ப்பு' என்று வாயெடுத்தாலே நீங்கள் 'வண்டி எத்தனை மணிக்கு வரும்' என்று கேட்டுவிடுவீர்கள், அதன் பிறகு எனக்குப் பேச்சு வராது. கடிதத்தில் நடுவில் புகுந்து யாரும் கத்த முடியாது. ஆகவே தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள், அக்காவுக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்கவேண்டாம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற இருபதாம் தேதி ஆர்ஷாவின் கல்யாணத்துக்கு நான் தருவதாகச் சொன்ன பாயாசம் காய்ச்சும் இரண்டு பெரிய வெண்கல வார்ப்பும், நான்கு அண்டாவும், அதற்குண்டான சட்டுவம் கரண்டி வகைகளும் என் கடையில் இல்லை. எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். யாருடையவை என்பதுதான் தெரியவில்லை. ஆர்ஷாவின் ஞானஸ்நானத்தன்று 'இவ கல்யாணத்துக்குப் பாத்திரம் என் பொறுப்பு' என்று நான் சொன்னபோது நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள், இருபத்தாறு வருஷமாகியும் அந்தப் பிடியை விடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம், எண்ணூறு பேருக்கும் திருவனந்தபுரத்து வெண்கல வார்ப்பில்தான் பாயாசம் என்று சொல்லி வைத்திருப்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் எனக்கு இப்படி எப்படி வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை எனக்கே சரியாகப் பிடிபடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மழையில் மலைப்பக்கம் ஒரு எஸ்டேட் மண்ணோடு சரிந்து இறங்கியதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம் ஆரியசாலை வியாபாரிகள் கூட்டம் போட்டோம். அவரவர் கடையில் உள்ளதைக் கொண்டு அவரவர் உதவுவது என்று முடிவானது. அரிசிக் கடைக்காரர் அரிசி என்றார், ஜவுளிக்காரர் போர்வை என்றார், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, ஐயா, மற்றவர்கள் கடையிலிருந்து பொருள் போனால் போனதுதான், என் கடை வாடகைப் பாத்திரக் கடை, இங்கே எது போனாலும் திரும்பி வந்தால்தான் அது தொழில் என்று விளக்கினேன். கூட்டம் கைதட்டியது. நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலும். வீட்டுக்கு வந்து சொன்னேன், செல்லபாய், "வீடு போனவங்களுக்கு அரிசியக் குடுத்தா மட்டும் ஆச்சா? எதுல பொங்குவாங்க?" என்று கேட்டாள். மறுநாளே 'மலைமக்களுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு பாத்திரம்' என்று கடை வாசலில் போர்டு எழுதி வைத்தேன்.

இருபது முப்பது வரும் என்று நினைத்தேன் மச்சான். நான்கே நாளில் கடைக்குள் நான் உட்கார இடமில்லாமல் போயிற்று. நம் சபையார் கொண்டுவந்தார்கள், சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கொண்டுவந்தார்கள், கழக்கூட்டத்து கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பிள்ளைகள் காரில் வந்து, முட்டை பொரிக்கும் சட்டி மட்டும் நாற்பது கொடுத்துவிட்டுப் போனார்கள். கரமனை அக்ரஹாரத்திலிருந்து சாவித்ரி அம்மாள் ஆட்டோவில் வந்து மடியிலிருந்து ஒரு ஈயச்செம்பை எடுத்து என் கையில் வைத்தார். "வெறுமன அடுப்புல வச்சா உருகிப் போயிடும். ரசத்த விட்டுட்டுத்தான் வைக்கணும்னு அவாகிட்ட எழுதிக் குடுங்கோ" என்றார். எழுதினேன். அடுத்த நாள் வந்து, மலையாளத்திலும் எழுதச் சொன்னார். அதற்கடுத்த நாள் வந்து செம்பைச் சும்மா பார்த்துவிட்டுப் போனார். அவருடைய கணவர் சாம்பசிவன், பதிவுத்துறையில் ரிட்டையர் ஆனவர், ஐந்தடுக்கு டிபன் கேரியர் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் மூடியில் 'அன்புடன் ஞானசிகாமணி, செல்லபாய்' என்று வெட்டியிருக்கிறது. அவருடைய மணிவிழாவுக்கு நாங்கள் கொடுத்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் கேரியரைப் பார்த்தேன், இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

இந்தப் பெயர் வெட்டும் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். நம் ஆட்கள் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் கடையை விட்டு இறங்குவதில்லை அல்லவா? வந்ததில் பாதிக்குமேல் பெயர் இருந்தது. 'பாகீரதி கல்யாணம்' என்று ஒரு தவலை, 'சேஷன் உபநயனம்' என்று ஒரு தாம்பாளம், 'களவு போனால் இது சாமுவேல் வீட்டுச் செம்பு' என்றுகூட ஒன்று.

முகாமில் முந்நூறு பேருக்கு ஒரே இடத்தில் சமையல் என்று கேள்விப்பட்டோம். முட்டைச் சட்டியில் முந்நூறு பேருக்கு எப்படிப் பொங்குவது? நான் கடையின் உள்ளே போய், என் இரண்டு வார்ப்பையும் நான்கு அண்டாவையும் நானே உருட்டிக்கொண்டுவந்து சேர்த்து வைத்தேன். சத்தியமாக முழு மனதோடுதான் கொடுத்தேன். கல்யாணத்துக்குள் வேறு வார்ப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அது மட்டும்தான் அந்த நேரத்தில் என் நினைப்பு. எல்லாவற்றையும் எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. வேன் ஓட்டும் ரதீஷ் ஏற்றினார். முகாம் எவ்வளவு நாள் நடக்கும் என்று கேட்டேன், இரண்டு மாதம் ஆகும் என்றார். சீட்டு எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன். வண்டி போயிற்று. அன்று ராத்திரி நான் உறங்கிய உறக்கம் போல் பல வருஷமாக உறங்கியதில்லை.

போன மாதம் பத்தாம் தேதி காலையில் கடை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "சேட்டா, எண்ணி எடுத்தோ. ஒண்ணு குறவுண்டு" என்று ஒரு சீட்டை நீட்டினார். தார்ப்பாயை விலக்கினால் மச்சான், என் கண்ணே கூசிவிட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்து, பெயர் வாரியாகப் பிரித்து, சாக்கில் சுற்றி, முழுப் பாத்திரமும் திரும்பி வந்திருக்கிறது. என் வார்ப்பு நான் வாங்கிய நாளில்கூட அப்படி மின்னவில்லை. ஈயச்செம்பு ஒரு தலையணை உறைக்குள் இருந்தது. சீட்டின் அடியில் பென்சிலால் 'கரண்டி ஒன்று காணவில்லை, தேடுகிறோம், மன்னிக்கணும்' என்று எழுதியிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரதீஷைப் பிடித்துச் சத்தம் போட்டேன், அங்கே போய் என்ன உளறி வைத்தாய் என்று. "அண்ணாச்சி, நான் வண்டி ஓட்டுறவனாக்கும். சீட்டு எழுதினது நானில்ல" என்றார். செல்லபாய் என் கண்ணாடியைக் கொண்டுவந்து என் மூக்கில் மாட்டி, சீட்டைக் காட்டினாள். "இது யாருக்க கையெழுத்து? சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

என்னுடையதுதான். கடையின் வாடகைச் சீட்டு. முப்பத்து நாலு வருஷமாக ஒரு பாத்திரம் படி இறங்கினால் என் கை தானாகப் போய்ச் சீட்டை எழுதும், அன்றைக்கும் எழுதியிருக்கிறது. உருப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு. திருப்பும் தேதி பத்து. அதன் கீழே அச்சடித்த வரி, 'குறைந்தாலும் நசுங்கினாலும் எடுத்தவரே பொறுப்பு.' இப்படி ஒரு சீட்டைக் கொடுத்து, வீடு வாசல் போனவர்களிடம் கையொப்பமும் வாங்கியிருக்கிறேன். பாத்திரத்திலெல்லாம் சாமுவேல், சேஷன் என்று பெயரும் இருந்தால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை. கடையை அடைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான குழப்பம். பாத்திரங்களை என்ன செய்வது? சாவித்ரி அம்மாள் சேதி கேட்டு ஓடிவந்து, செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உருக்காம வச்சிண்டிருந்திருக்கா, எவ்வளவு சமத்து" என்று கண் கலங்கினார். சரி, கொண்டுபோங்கள் என்றேன். "அதெப்படி? குடுத்தது குடுத்ததுதான். திருப்பி ஆத்துக்குள்ள கொண்டுபோக மாட்டேன்" என்றார், சத்தமாகவே. சாம்பசிவன் பதிவுத்துறை மூளையோடு யோசித்து, கொடுத்தவருக்கு உரிமை போயிற்று, வாங்கியவர் திருப்பிவிட்டார், நடுவில் நீர் வெறும் சுமைதாங்கி, ஆகவே சட்டப்படி இவை யாருடையவையும் இல்லை என்றார். டிபன் கேரியரை மட்டும் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். பாஸ்டரிடம் கேட்டேன், ஜெபிப்போம் என்றார். இதற்கிடையில் ஒரு கிரகப்பிரவேசக்காரர் வந்து, இவ்வளவு பளபளப்பாக நகரத்தில் எங்குமே பார்த்ததில்லை, எல்லாம் வாடகைக்கு வேண்டும் என்று நின்றார். அவரை அனுப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் துணிப்பை. நாற்காலியில் உட்காரவே இல்லை. பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சாரே, கோவிச்சுக்கக் கூடாது. மூணு நாள் தாமசம் ஆயிடுச்சு. பக்கத்து லைன் வீட்டுல சாம்பார் பானைக்குள்ள கெடந்துச்சு."

அவர் பெயர் சரசம்மா. அந்த எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர், அங்கே பெண்கள் குழுவுக்குச் செயலாளர். சீட்டில் ஒப்புப் போட்டவர் அவர்தான். ஒரே ஒரு கரண்டிக்காக, மச்சான், விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். எனக்கு எழுந்து நிற்கவேண்டும் போலிருந்தது, எழுந்து நின்றேன். இப்போது எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்டேன். முகாம் முடிந்து எல்லோரையும் வரிசை வீடுகளில் வைத்திருக்கிறார்களாம், வீடு கட்டி முடிகிறவரை எல்லோருக்கும் ஒரே பொது அடுக்களை, என் வார்ப்பிலும் அண்டாவிலும்தான் பொங்கி வந்தார்களாம்.

"பத்தாம் தேதியோட நிறுத்திட்டோம் சாரே. இப்ப வீட்டுக்கு ஒரு கலம் உண்டு. முதல்ல சோறு, அத எடுத்து எலையில வச்சிட்டு, அதுலயே கறி."

அம்மா, அது வாடகை இல்லை, எல்லாம் உங்களுக்கே கொடுத்தது, சீட்டு என் புத்தி கெட்டு எழுதியது என்று சொல்லிக் கிட்டத்தட்டக் கும்பிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், சங்கடப்பட்டார்.

"முகாமுக்கு என்னென்னமோ வந்துச்சு சாரே. பழைய துணி, கிழிஞ்ச பாய், எல்லாம் வீசிட்டுப் போனாங்க. நாங்களும் எடுத்துக்கிட்டோம், வேற வழி இல்ல. உங்க சாமானோட மட்டும்தான் சீட்டு வந்துச்சு. ஒப்புப் போடச் சொன்னீங்க. எங்கள நம்பித் தந்திருக்காங்கன்னு நான் எல்லார்கிட்டயும் வாசிச்சுக் காட்டினேன்."

என் வாழ்நாளில் நான் செய்த மகா தவறு அங்கே மரியாதையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. செல்லபாய்க்குப் புரிந்தது போலிருந்தது. அவள் சரசம்மாவை உள்ளே கூட்டிப்போய்க் கஞ்சியும் பயறும் கொடுத்து, இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகள் கல்யாணம், எண்ணூறு பேர், பால் பாயாசம் ஒன்று பருப்புப் பாயாசம் ஒன்று என்று இவள் எல்லாவற்றையும் ஒப்பித்ததும், அவர் "இருபதாம் தேதியா?" என்று இரண்டு தடவை கேட்டதும் என் காதில் விழுந்தது. பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

நான் வெளியே உட்கார்ந்து புதிய சீட்டு எழுதினேன். திருப்பும் தேதி என்ற இடத்தில் 'திருப்ப வேண்டாம்' என்று எழுதினேன். சரசம்மா வாசித்துவிட்டுத் திருப்பி வைத்தார். "இப்பிடிச் சீட்டுக்கு நான் ஒப்புப் போட மாட்டேன் சாரே" என்றார். வேறொன்று எழுதினேன், தேதி இடத்தை வெறுமையாக விட்டேன். அதையும் வாசித்துப் பார்த்தார். பிறகு ஒப்புப் போட்டார். ரதீஷ் ஏற்றத் தொடங்கினார். வார்ப்பின் முறை வந்தபோது, மச்சான், உங்கள் முகம் எனக்கு முன்னால் வந்தது. அந்த இரண்டு வார்ப்பையும் நான்கு அண்டாவையும் மட்டும் ஒதுக்கி வைக்க என் கை போனது. போனது உண்மை, மறைக்கவில்லை. செல்லபாய் கரண்டியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டேன்.

வேறு வார்ப்பு வாங்கலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. வெண்கல வார்ப்பு சொல்லி வைத்தால் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். இருபதாம் தேதி முகூர்த்த நாள், ஆரியசாலையில் எந்தக் கடையிலும் ஒரு அண்டாகூட ஒழிவில்லை. தொழில் செய்கிற நானே நேற்று அடுத்த கடையில் போய்ச் சட்டுவம் கேட்டு நின்றேன். ஆகவே தாங்கள் தக்கலையிலோ நாகர்கோவிலிலோ உடனே சொல்லி வைக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என் பெயரைச் சொல்லி, அவன் ஒரு கிறுக்கன் என்று சொல்லிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆர்ஷாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அவள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன். நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், அது நியாயம். என்றாலும் இருபத்தாறு வருஷமாகப் பிடித்திருக்கிற கையைக் கல்யாண வாசலில் வைத்து விட்டுவிடாதீர்கள்.

சமாதானத்தின் தேவன் தங்கள் வீட்டையும், மணமக்களையும், அன்றைக்குச் சமைக்கப் போகிற அடுப்பையும் ஆசீர்வதிப்பாராக. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. காய்கறி நறுக்க செல்லபாய் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவாள். நான் வரலாமா என்பதை ரதீஷிடம் சொல்லியனுப்பவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஞானசிகாமணி.

பி.கு.: மேலே எழுதியது முழுவதையும் தள்ளிவிடுங்கள். தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் ஆள் அனுப்பவேண்டாம். கடிதத்தை வாங்கிக்கொண்டு போக ரதீஷ் வேனை ஸ்டார்ட் செய்து நிற்கும்போதே போன மாதம் வந்த அதே லாரி மறுபடியும் வந்து நிற்கிறது. உள்ளே இரண்டு வார்ப்பு, நான்கு அண்டா, சட்டுவம், கரண்டி, ஒரு சாக்குச் சேனைக்கிழங்கு, சரசம்மா, முகாமில் முந்நூறு பேருக்குச் சமைத்த இன்னும் நான்கு பெண்கள். கல்யாணம் முடிகிறவரை அங்கே எல்லோரும் மறுபடியும் வீட்டுக்கு ஒரு கலத்தில் சமாளித்துக்கொள்வார்களாம், பாயாசத்தை இவர்களே காய்ச்சித் தருவார்களாம். படுக்க இடம் ஏற்பாடு செய்யவும். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். சரசம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். என் சீட்டைப் பார்த்து, வரிக்கு வரி கோடு போட்டு எழுதியிருக்கிறார். திருப்பும் தேதி இருபத்திரண்டு. குறைந்தாலும் நசுங்கினாலும் எடுத்தவரே பொறுப்பு. "ஒப்புப் போடுங்க சாரே" என்றார். போட்டேன், மச்சான். முப்பத்து நாலு வருஷத்தில் எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இப்போதுதான் வருகிறது. வார்ப்பின் விளிம்பில் என் கடை முத்திரைக்குப் பக்கத்தில் அவர்கள் குழுவின் பெயரைச் சிவப்புப் பெயின்டால் எழுதியிருக்கிறார்கள். சமையல்காரர்களிடம் சொல்லிப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்தவர் பொருள்.